நீலகிரி இளைஞர்கள் வெல்டர் ஆவது எப்படி: ஐடிஐ சேர்க்கை முதல் குழாய்த் தேர்வு வரை

கோத்தகிரியில் பட்டறை வைத்திருக்கும் என்னிடம் பிள்ளையை அழைத்துக்கொண்டு வரும் பெற்றோர் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "அண்ணா, இவனுக்கு வெல்டிங் கற்றுக்கொடுத்தால் பிழைத்துக்கொள்வானா?" கேட், கிரில், தண்ணீர்த் தொட்டிக்கான ஸ்டாண்டு அடிக்கத் தெரிந்தால் மலையிலேயே பிழைக்கலாம். ஆனால் ஆலைகளிலும் மின்நிலையங்களிலும் கப்பல் கட்டும் தளங்களிலும் ஆள் கிடைக்காமல் தேடுவது, உயர் அழுத்தத்தில் நீரோ நீராவியோ எண்ணெயோ செல்லும் குழாயைக் கசிவின்றிப் பற்றவைக்கத் தெரிந்தவரைத்தான். ஆகவே முதல் நாளிலிருந்தே குழாயை மனத்தில் வைத்துப் பயிலுங்கள்.

எட்டாம் வகுப்புத் தேர்ச்சி இருந்தால் ஐடிஐயில் ஓராண்டு வெல்டர் பிரிவில் சேரலாம். நம் மாவட்டத்தில் குன்னூரிலும் கூடலூரிலும் அரசு ஐடிஐ உண்டு. சேருமுன் நேரில் சென்று, வெல்டர் பிரிவில் எத்தனை இடங்கள் உள்ளன, ஒரு மாணவருக்கு நாளொன்றுக்கு எத்தனை ராடு (உருகி இணைப்பை நிரப்பும், பூச்சுப் பூசிய வெல்டிங் கம்பி) தருகிறார்கள் என்று கேளுங்கள். கட்டடத்தின் பொலிவைவிட இந்த இரண்டாவது கேள்விக்கான விடை முக்கியம். அரசு ஐடிஐயில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சீருடை, பஸ் பாஸ் ஆகியவை கிடைக்கும். அரசுப் பள்ளியில் படித்தவர்கள் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் 1,000 ரூபாய்க்கும் விண்ணப்பிக்கலாம். பெண்களுக்கு வயது உச்சவரம்பு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் கை நடுங்காமல் ராடு பிடிப்பதில் பெண்கள் சிறந்து விளங்குவதை நான் கண்டிருக்கிறேன்.

முதல் இரண்டு மாதங்கள் தட்டைத் தகட்டில் நேர்கோட்டில் பீட் (ராடு உருகி உறைந்த உலோக வரி) போடுவதைத் தவிர வேறெதற்கும் அவசரப்பட வேண்டாம். 3.15 மில்லிமீட்டர் தடிமனுள்ள 6013 ராடுக்கு (6013, 7018 என்பவை ராடு வகைகளின் எண்கள்) 90 முதல் 130 ஆம்பியருக்குள் வைத்து, ராடின் கம்பி எவ்வளவு தடிமனோ அவ்வளவு இடைவெளியில் மின்வில்லை (ராடு நுனிக்கும் இரும்புக்கும் நடுவே எரியும் மின்சுடரை) பிடித்தால், சூடான எண்ணெயில் அப்பளம் பொரிவதைப் போன்ற சீரான ஓசை வரும். இடைவெளி கூடினால் ஓசை இரைச்சலாகி, பொறிகள் சிதறும். குறைந்தால் ராடு ஒட்டிக்கொள்ளும். கண்ணைவிடக் காது விரைவில் தேறிவிடும். பிறகு இரண்டு தகடுகளை டி வடிவில் நிறுத்தி, ஒரு பக்கம் மட்டும் பற்றவைத்து, வைஸில் மாட்டி, சம்மட்டியால் அடித்து உடைத்துப் பாருங்கள். உடைந்த வாயில் ஊசித் துளைகளோ, கறுப்புக் கோடாகக் கசடோ (ராடின் பூச்சு உருகி உறைந்தது) தெரிந்தால், மேலே எவ்வளவு அழகாக இருந்தாலும் அது கெட்ட ஜாயின்ட்தான்.

மலையில் வேலை செய்பவர்கள் சமவெளிக்காரர்களைவிடக் கூடுதலாக அஞ்ச வேண்டியது ஈரத்துக்கு. ஓர் ஐப்பசி மழையில், ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் தண்ணீர்க் குழாயை, மூன்று நாள் திறந்து கிடந்த பாக்கெட்டிலிருந்து எடுத்த 7018 ராடால் பற்றவைத்தேன். பீட் மீன் செதில் போல அடுக்கடுக்காக வந்திருந்தது. நீரைத் திறந்து அழுத்தம் ஏறியதும், அங்கிருந்த மூத்த ஃபிட்டர் விரலால் தடவிப் பார்த்து, "தம்பி, ஜாயின்ட் வேர்க்குது" என்றார். ராடின் பூச்சில் ஏறியிருந்த ஈரம் மின்வில்லின் சூட்டில் ஹைட்ரஜனாகப் பிரிந்து, உருகிய இரும்புக்குள் புகுந்து துளையாகியிருந்தது. தடித்த இரும்பாக இருந்தால், இரண்டு நாள் கழித்து விரிசலே விட்டிருக்கும். முழுவதையும் கிரைண்டரில் அரைத்தெடுத்து மறுபடி செய்தேன். 7018 ராடை 300 முதல் 350 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரமாவது சுட்டு, சூடான பெட்டியில் வைத்து, ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். 6013 ராடுக்கு இவ்வளவு சூடு ஆகாது; 100 டிகிரியை ஒட்டி உலர்த்தினால் போதும்.

ஈரம் ஆளுக்கும் ஆபத்து. நனைந்த தரையில் உலர்ந்த பலகை போட்டு நில்லுங்கள், நனைந்த கையுறையை உடனே மாற்றுங்கள், எர்த் கிளாம்பை வேலை நடக்கும் இடத்துக்கு அருகிலேயே மாட்டுங்கள். துத்தநாகம் பூசிய குழாயின் புகையைச் சுவாசித்தால் அன்று இரவே காய்ச்சலும் குளிரும் வரும் என்பதால், பூச்சை அரைத்து நீக்கி, காற்றோட்டத்தில் செய்யுங்கள். டீசல் இருந்த பேரலில் வெல்டிங் வைக்கவே கூடாது.

கை பழகியபின் தேர்வுக்குத் தயாராகலாம். குழாயை 45 டிகிரி சாய்வில் அசையாமல் பொருத்தி, ஆள் சுற்றி நகர்ந்து பற்றவைப்பது 6ஜி எனப்படும். இதில் தேறியவருக்கு மற்ற நிலைகளிலும் பற்றவைக்கத் தகுதி உண்டு. அடிப்பாஸை (இணைப்பின் அடியில் போடும் முதல் அடுக்கை) டிக் முறையிலும் (உருகாத டங்ஸ்டன் முனையில், ஆர்கான் வாயுப் பாதுகாப்பில் பற்றவைப்பது), அதன் மேல் வரும் அடுக்குகளான மேற்பாஸ்களை 7018 ராடாலும் நிரப்புவது வழக்கம். ஜாயின்டை எக்ஸ்ரே எடுப்பார்கள், அல்லது பட்டைகளாக அறுத்து உட்புறமும் வெளிப்புறமும் வளைப்பார்கள். 3 மில்லிமீட்டருக்கு மேல் வாய் பிளந்தால் தேர்வு தோல்வி. தேறிய பிறகும், அந்த முறையில் ஆறு மாதம் வேலையே செய்யாமல் இருந்தால் தகுதி காலாவதியாகும் என்பதால், செய்த வேலைகளைத் தேதியோடு எழுதிக் கையொப்பம் வாங்கி வையுங்கள். பாய்லர் வேலைக்குத் தனிச் சான்றிதழ் வேண்டும். உயர்நிலைப் பயிற்சிக்குத் திருச்சியில் பெல் நிறுவனத்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

வெளிநாடு செல்ல விரும்புவோர், எட்டாம் வகுப்போடு நின்றிருந்தால், தனித்தேர்வராகவாவது பத்தாம் வகுப்பை முடித்துவிடுங்கள். பத்தாம் வகுப்புத் தேறாதவரின் பாஸ்போர்ட்டில் வளைகுடா நாடுகளில் வேலைக்குச் செல்லக் குடிபெயர்வு அனுமதி தேவை. முகவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். அதற்கு மேல் கேட்பவரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்காமல், தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் முதலில் பதிவு செய்யுங்கள்.