பகலில் தூக்கம் சொக்குகிறதா? வைட்டமின் டி சாஷே வாங்கும் முன் இதைச் செய்யுங்கள்

மதியம் கண்ணைத் திறந்து வைக்க முடியவில்லை, ரிப்போர்ட்டில் வைட்டமின் டி 14 என்று வந்திருக்கிறது, சரி இதுதான் காரணம் என்று மெடிக்கலில் 60,000 யூனிட் சாஷேயை நேராக வாங்கி விழுங்குகிறவர்கள் நிறையப் பேர். கொஞ்சம் பொறுங்கள். நம் ஊரில் டி குறைவு ரொம்பச் சாதாரணம், பகலெல்லாம் சுறுசுறுப்பாக ஓடுகிறவருக்கும் குறைவாக இருக்கலாம். டி குறைவும் பகல் தூக்கமும் சேர்ந்து வருவதைச் சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, ஆனால் டி குறைவால்தான் பகல் தூக்கம் வருகிறது என்று இன்னும் நிரூபணமாகவில்லை. உடல் பருமனும் வெயிலே படாத வேலையும் இரண்டையுமே கொண்டுவரலாம்.

முதலில் தூக்கத்தை அளந்து பாருங்கள். 1991இல் மெல்போர்னில் மருத்துவர் மர்ரே ஜான்ஸ் உருவாக்கிய எப்வொர்த் அளவுகோல் இதற்கென்றே இருக்கிறது. படிக்கும்போது, டிவி பார்க்கும்போது, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சும்மா உட்கார்ந்திருக்கும்போது, கார் சிக்னலில் நிற்கும்போது என்று 8 சூழல்கள், ஒவ்வொன்றிலும் கண்ணயர எவ்வளவு வாய்ப்பு என்று 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 10ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டிய தூக்கம். மதிப்பெண் குறைவு, ஆனால் மாடிப்படி ஏறத் தொடை ஒத்துழைக்கவில்லை, எலும்பெல்லாம் வலிக்கிறது என்றால் அது அசதி. அதற்கு டி குறைவு காரணமாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

அடுத்து, குறட்டை விடுகிறீர்களா, நடுவில் மூச்சு நின்று திணறுகிறீர்களா என்று பக்கத்தில் படுப்பவரிடம் கேளுங்கள். ஆமாம் என்றால் ஸ்லீப் ஆப்னியாவுக்கு (தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் கோளாறு) பரிசோதனை வேண்டும், டி மாத்திரை அதைச் சரிசெய்யாது. ஹீமோகுளோபின், தைராய்டு, பி12, சர்க்கரை ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள். அலர்ஜிக்குத் தினமும் செட்டிரிசின் போடுகிறீர்கள் என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், அந்த மாத்திரையாலும் தூக்கம் வரலாம்.

டிக்குப் பார்க்க வேண்டியது 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி என்ற ரத்தப் பரிசோதனை. ஒரு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே என்றால் குறைபாடு. சாஷே பொதுவாக வாரத்துக்கு ஒன்றுதான், அதுவும் டாக்டர் சொல்லும் வாரங்களுக்கு மட்டும், கொழுப்புள்ள சாப்பாட்டுக்குப் பிறகு. தினமும் ஒன்று என்று தப்பாகப் புரிந்துகொண்டு போட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம் என்று தொடங்கிச் சிறுநீரகம் வரை கெடும். இதில் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம்.

வெயிலைப் பொறுத்தவரை, காலை 7 மணி இளவெயிலில் டி அதிகம் உருவாகாது, உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக விழும் நேரத்து வெயில்தான் அதற்கு வேண்டும், கைகளும் முகமும் தோல் எரியாத அளவுக்கு நனைந்தால் போதும். மாநிறமோ கறுப்போ என்றால் கொஞ்சம் கூடுதல் நேரம். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தால் பலனில்லை. ஆனால் காலை வெளிச்சத்தை விட்டுவிடாதீர்கள், உடலின் தூக்கக் கடிகாரத்தைச் சரிப்படுத்துவது அதுதான். சாப்பாட்டில் மத்தி, அயிலை, முட்டை மஞ்சள் கரு.

மூன்று மாதம் கழித்து டியையும் எப்வொர்த்தையும் மறுபடி பாருங்கள். டி 30ஐத் தாண்டியும் தூக்கம் அப்படியே இருந்தால் தூக்கவியல் மருத்துவரிடம் போங்கள். வண்டி ஓட்டும்போதே கண் சொருகுகிறது என்றால் மூன்று மாதமெல்லாம் காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே போங்கள், அதுவரை வண்டியைத் தொடாதீர்கள்.