கயாக்கில் இருக்கையை எங்கே ஒட்டுவது?

4 மி.மீ. ஒட்டுப்பலகையைக் கம்பியால் தைத்து, எபாக்சிப் பசை பூசிக் கட்டும் கயாக்கைப் பற்றித்தான், அதாவது மேல்தளம் மூடிய ஒடுங்கிய துடுப்புப் படகைப் பற்றித்தான் சொல்கிறேன். உடற்பகுதி முடிந்து தண்ணீரில் மிதக்கும் நிலை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்கிறேன். மேல்தளத்தை இன்னும் பொருத்தாமல், அதில் உட்காரும் துளையையும் வெட்டாமல் வைத்திருந்தால் மிகவும் நல்லது. ஏன் என்பது கடைசியில்.

வரைபடத்தில் மிதப்பு மையம், அதாவது தண்ணீர் படகை மேலே தாங்கும் விசையின் நடு இடம், ஒரு கோடாகக் குறிக்கப்பட்டிருக்கும். நான் அந்தக் கோட்டில் முதுகு சாயும் இடத்தை வைத்து ஒட்டிவிட்டேன். தண்ணீரில் இறங்கியதும் முன்முனை ஒரு விரற்கடை அதிகமாக அமிழ்ந்தது. பக்கக் காற்று வீசியபோதெல்லாம் படகு காற்றை நோக்கியே திரும்பியது. அமிழ்ந்த முன்முனையைத் தண்ணீர் பிடித்துக்கொள்ள, லேசான பின்முனையைக் காற்று தள்ளிவிடுகிறது. ஒரு பக்கமே துடுப்புப் போட்டுத் தோள் கடுத்துப்போயிற்று.

அந்தக் கோட்டில் வர வேண்டியது முதுகு அன்று, உடம்பின் எடை மையம். காலை நீட்டி உட்காரும்போது அது முதுகுக்கு ஏறக்குறைய ஒரு சாண் முன்னால் இருக்கும். ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் அளந்தே பாருங்கள். ஒரு நீளமான பலகையைக் குழாயின் மேல் சமநிலையில் நிறுத்துங்கள். அதில் காலை நீட்டி, துடுப்புப் பிடித்த பாவனையில் உட்கார்ந்து, பலகை மீண்டும் சமமாகும் வரை நகருங்கள். முதுகிலிருந்து குழாய் வரை ஒருவரை அளக்கச் சொல்லுங்கள். எனக்கு 26 செ.மீ. வந்தது. கோட்டிலிருந்து அவ்வளவு பின்னால் முதுகு வர வேண்டும்.

கயாக் பிறந்த ஆர்க்டிக் பகுதியில் இன்யூட் மக்கள் தங்கள் கைவிரிப்பையும் இடுப்பையும் அளவுகோலாக வைத்தே படகு கட்டினார்கள். இந்த வேலையைச் செய்தபோதுதான் அதன் அருமை எனக்குப் புரிந்தது.

இப்போதும் ஒட்டாதீர்கள். இருக்கையை இரட்டைப் பக்க டேப்பில் நிறுத்தி, காற்றில்லாத காலை நேரத்தில் மிதக்க விடுங்கள். மிதவைச் சட்டை அணிந்தே உட்காருங்கள். அதன் முதுகுத் திண்டு உங்களைச் சில சென்டிமீட்டர் முன்னால் தள்ளும். கரையில் நிற்பவர் இரு முனைகளிலும் விளிம்பிலிருந்து நீர்மட்டம் வரை அளந்து, வரைபடத்தோடு ஒப்பிடட்டும். முன்முனை தாழ்ந்தால் இருக்கை பின்னால் போக வேண்டும். 2 செ.மீ. நகர்த்திப் பயனில்லை, ஐந்தைந்தாக நகர்த்துங்கள்.

இருக்கைக்குத் தண்ணீரை உறிஞ்சாத ஈவிஏ ஃபோம் என்ற நுரைத் திண்டுதான் என் தேர்வு. சாதாரண ஸ்பாஞ்ச் தண்ணீரைக் குடித்துக் கனக்கும். கடையில் விற்கும் பிளாஸ்டிக் இருக்கை உயரமாக இருக்கும். உயரம் கூடக் கூடப் படகு ஆட்டம் காணும். அடியில் 2 செ.மீ. கனம் போதும். இடம் உறுதியான பின் செருப்புக்கு ஒட்டும் ரப்பர் பசையை இரு பக்கமும் தடவி, கையில் ஒட்டாத அளவு காயவிட்டு அழுத்துங்கள். தொட்ட பிறகு நகர்த்த முடியாது.

பின்சேர்க்கை: உயரமான வாசகர் ஒருவர் இதன்படியே செய்தும் முழங்கால் துளை விளிம்பில் இடித்து வெளியே வர முடியவில்லை என்று எழுதினார். அவர் துளையை முதலிலேயே வெட்டியிருந்தார். இருக்கை இடம் முடிவான பிறகு, அதில் உட்கார்ந்து முழங்காலை மடக்கி எடுக்க எவ்வளவு இடம் வேண்டும் என்று அட்டையில் வரைந்து, அதன் பிறகே மேல்தளத்தில் ரம்பத்தை வையுங்கள். ஏற்கெனவே வெட்டியவர்கள் துளையின் முன் விளிம்பை நீட்டி வெட்டலாம், இருக்கையை நகர்த்தாதீர்கள்.