கண்மாயைத் தோண்டினோம், தண்ணீர் ஏன் வரவில்லை? தூர்வாரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூன்று வருடத்துக்கு முன் எங்கள் சொந்த ஊர்க் கண்மாயைத் தூர்வாரினோம். சிவகங்கைச் சீமையில் சின்ன ஊர். வாட்ஸ்அப் குழுவில் வசூல் செய்து, சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கும் பிள்ளைகள் அனுப்பிய பணத்தையும் சேர்த்து, இரண்டு பொக்லைன் வைத்துப் பதினெட்டு நாள் வேலை நடந்தது. கரை உயர்ந்தது, தண்ணீர் நிற்கும் உள்வாய் துடைத்துவிட்டதுபோல் ஆனது. ஐப்பசியில் நல்ல மழை. பக்கத்து ஊரில் கண்மாய் நிறைந்து, உபரிநீர் வழியும் கலுங்கு ஓடியது. எங்கள் கண்மாயில் முழங்கால் அளவுகூட ஏறவில்லை.

காரணத்தைக் காட்டியவர், முன்பு ஊரில், வயலுக்குத் தண்ணீர் விடும் மடையைத் திறந்து மூடும் வேலை பார்த்த பெரியவர். மழை வெறித்த மறுநாள் என்னை, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் வழியே அரை மைல் கூட்டிப்போனார். தார்ச்சாலைக்கு அடியில் ஒரு குழாய்ப் பாலம். வரத்துக்காலின் தரையைவிட ஒன்றரை அடி உயரத்தில் குழாயைப் பதித்திருந்தார்கள். தண்ணீர் குழாயின் வாயைத் தொடாமலே சாலைக்கு அந்தப் பக்கம் தேங்கி, கருவேலங்காட்டுக்குள் பரவி நின்றது. கைத்தடியை அதில் ஊன்றிக் காட்டினார். "தண்ணி இங்கன நிக்கிது தம்பி. நீங்க அங்கன தோண்டியிருக்கீங்க."

அன்றிலிருந்து சுற்றுவட்டாரத்தில் யார் கண்மாய் வேலை தொடங்கினாலும் போய்ப் பார்க்கிறேன். ஆர்வத்துக்கும் உழைப்புக்கும் எங்கும் குறைவில்லை. தவறுகள்தான் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி நடக்கின்றன. இந்தக் கோடையில் வேலை தொடங்கப்போகிறவர்களுக்காக அவற்றை எழுதுகிறேன்.

வரும் வழியைப் பார்க்காமல் குழியைத் தோண்டுவது

எங்கள் ஊரில் நடந்த இதுதான் பெரிய தவறு. செலவும் இதில்தான் அதிகம் வீணாகிறது. தமிழ்நாட்டில் ஏறக்குறைய 39,000 ஏரி, கண்மாய்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை தனித்தனிக் குளங்கள் இல்லை. ஒன்று நிறைந்து கலுங்கு வழிந்தால் அடுத்ததற்குப் போகும்படி கோத்துவிட்ட சங்கிலி அது. நடுவில் ஒரு கண்ணி அறுந்தால் கீழே இருக்கும் அத்தனை ஊரும் காயும்.

பொக்லைனுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் மூன்று வேலை செய்யுங்கள். முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடத்தையும் அ பதிவேட்டையும் கேட்டுப் பாருங்கள். எந்தப் புல எண் நீர்ப்பிடிப்பு, எது வாய்க்கால் புறம்போக்கு என்று அதில் இருக்கும். அடுத்து, கண்மாய் யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்று விசாரியுங்கள். பொதுவாக 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ளவை நீர்வளத் துறையிடமும், சிறியவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். அனுமதி வாங்காமல் மண்ணில் கை வைத்தால் வேலை பாதியில் நிற்கும். மூன்றாவது வேலைதான் முக்கியம். அந்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வயதான ஒருவரைக் கூட்டிக்கொண்டு, வரத்துக்கால் தொடங்கும் இடத்திலிருந்து கண்மாய் வரை நடந்து வாருங்கள்.

நடந்தால்தான் தெரியும். ஓரிடத்தில் வீட்டுமனைக்காக வாய்க்காலை மூடியிருப்பார்கள். இன்னோர் இடத்தில் வரப்பை வெட்டி வெட்டி ஆறடி வாய்க்கால் இரண்டடியாகியிருக்கும். சாலை போட்டவர்கள் பாலத்தின் மட்டத்தைத் தூக்கியிருப்பார்கள். ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆனால் பக்கத்து வயல்காரர் நம் பங்காளியாக இருக்கும்போது சட்டத்தைவிட, பஞ்சாயத்தில் உட்கார்ந்து வரைபடத்தை விரித்துக் காட்டுவது விரைவில் பலன் தருகிறது. எங்கள் ஊரில் அப்படித்தான் நான்கு இடத்தில் வழி கிடைத்தது. குழாய்ப் பாலத்தை இறக்கிப் பதிக்க மட்டும் மனு மேல் மனுவாக ஒன்றரை வருடம் ஆனது.

பணம் குறைவாக இருந்தால் முழுவதையும் வரத்துக்காலுக்கே செலவழியுங்கள். ஒரு ஹெக்டேர் பரப்பில் ஒரு மீட்டர் தண்ணீர் நின்றால் அது ஒரு கோடி லிட்டர். 2019-இல் சென்னை ஏரிகள் வறண்டபோது ஜோலார்பேட்டையிலிருந்து ஓடிய ரயில், ஒரு நடைக்கு 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் கொண்டுவந்தது. வரத்துக்கால் திறந்து, ஒரு ஹெக்டேரில் கால் மீட்டர் தண்ணீர் கூடுதலாக ஏறினாலே அப்படி ஒரு ரயில் உங்கள் ஊருக்கு வந்து சேர்ந்த கணக்கு.

ஆழம் கூடினால் நல்லது என்று நினைப்பது

கண்மாய் கிணறு இல்லை. ஒரு பக்கம் கரை, மற்ற பக்கங்களில் நிலம் மெல்ல ஏறிப் போகும். மடையின் அடிமட்டம் எதுவோ, அதற்கு மேல் நிற்கும் தண்ணீர்தான் வயலுக்குப் பாயும். அதற்குக் கீழே பத்தடி தோண்டினாலும் அந்தத் தண்ணீர் ஆயக்கட்டுக்கு ஏறாது. மாட்டுக்கும் மீனுக்கும் ஆகும், சுற்றிலும் உள்ள கிணறுகளில் ஊறும். அதற்காகவே தோண்டுவதென்றால் சரி, அதை முன்கூட்டியே முடிவு செய்து உள்வாயில் ஓரிடத்தில் பள்ளம் வையுங்கள். பாசனத்துக்கு என்று வசூலித்துவிட்டு மடைக்குக் கீழே தோண்டுவது ஊரை ஏமாற்றுவதாகிவிடும், எண்ணம் நல்லதாக இருந்தாலும்.

கரையின் அடியை ஒட்டித் தோண்டவே கூடாது. மண் லாரிக்கு அந்த இடம் வசதியாக இருப்பதால் அங்கேதான் முதலில் கை வைப்பார்கள். கரையின் கால் பலவீனமானால், கண்மாய் நிறைந்த அன்று ஊற்றெடுத்து உடைப்பெடுக்கும். எவ்வளவு தள்ளித் தோண்டுவது என்பதைப் பொறியாளரிடம் கேட்டு, சுண்ணாம்பில் கோடு போட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

இன்னொன்று, அடியில் இருக்கும் களிமண். பல வருடமாகப் படிந்த வண்டலை எடுக்கலாம், எடுக்க வேண்டும். வயலுக்கு அதைவிட நல்ல உரம் இல்லை. விவசாயிகள் கட்டணமில்லாமல் எடுத்துக்கொள்ள அரசு அனுமதி தருகிறது, வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். வண்டல் முடிந்து கெட்டியான களி தெரிந்ததும் இயந்திரத்தை நிறுத்திவிடுங்கள். அதையும் பிளந்தால் தண்ணீர் தங்காமல் இறங்கிவிடும். ராமநாதபுரம் போன்ற கடலோரப் பகுதிகளில், குடிதண்ணீர் ஊருணியை ஆசைக்கு ஆழப்படுத்தி அடியிலிருந்த உப்பு நீரை மேலே கொண்டுவந்துவிடும் ஆபத்தும் உண்டு. அப்புறம் அந்த ஊருணியை யாரும் வாயில் வைக்க முடியாது.

கலுங்கை உயர்த்துவது

கொஞ்சம் சிமென்ட் வைத்துக் கலுங்கை ஓரடி உயர்த்தினால் கூடுதல் தண்ணீர் நிற்குமே என்று யாராவது ஒருவர் எல்லா ஊரிலும் சொல்வார். நிற்கும்தான். மேலே உள்ள வயல்கள் மூழ்கும், கீழ் ஊருக்குத் தண்ணீர் போகாது, பெருவெள்ளத்தில் கலுங்குக்குப் பதிலாகக் கரை போகும். பழைய கலுங்குகளைக் கவனித்துப் பாருங்கள், மேலே வரிசையாகக் கல்தூண்கள் நட்டிருக்கும். வெள்ளம் வரும்போது அந்த இடைவெளிகளைத் திறந்தே விடுவார்கள். மழை ஓயும் நாளில், இனிப் பெரிய வரத்து இல்லை என்று தெரிந்த பிறகு, மண்ணும் புல்லும் வைத்து அடைத்துக் கடைசித் தண்ணீரைத் தேக்குவார்கள். கீழ் ஊரின் பங்கையும் கரையின் பாதுகாப்பையும் நினைத்துச் செய்த ஏற்பாடு அது. ஒரு மூட்டை சிமென்டில் அதைக் கெடுத்துவிட வேண்டாம்.

சீமைக் கருவேலத்தை மேலோடு வெட்டுவதும் வீண் செலவு. தூரோடு பிடுங்காவிட்டால் அடுத்த வருடம் இரண்டு மடங்கு தழைக்கும். நெற்றைத் தின்னும் ஆடு மாடுகள் வழியாக விதை திரும்ப வரும் என்பதால், பிடுங்கிய பிறகும் இரண்டு மூன்று வருடம் கன்றுகளைக் களைந்துகொண்டே இருக்க வேண்டும்.

நகரத்து ஏரிகளில் நடப்பது வேறு. அங்கே தண்ணீருக்கு முன்பே நடைபாதை வந்துவிடுகிறது. நீர்ப்பிடிப்புக்குள் மண்ணைக் கொட்டி, சுற்றிலும் கான்கிரீட் சுவர் எழுப்பி, நடுவில் தீவு வைத்து அழகுபடுத்துகிறார்கள். சுவர் எழும்பியதும் சுற்றுப்புற மழைநீர் உள்ளே வர வழியில்லை. கழிவுநீர்க் குழாய் மட்டும் எப்படியோ உள்ளே வந்துவிடுகிறது. சாக்கடையை நிறுத்தாமல் தூர்வாரினால் அது பெரிய சாக்கடையாகத்தான் ஆகும். சென்னைப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022-இல் ராம்சர் தளமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. பழைய பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் அப்போது மிஞ்சியிருந்தது. தண்ணீர் பரவி நிற்க இடமில்லாத நகரம் 2015 டிசம்பரில் மூழ்கியது, 2019 ஜூனில் தவித்தது. மீஞ்சூரில் 2010-லும் நெம்மேலியில் 2013-லும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் வந்தன. அவை அந்த நகரத்துக்குத் தேவை, மறுக்கவில்லை. ஆனால் உப்பைப் பிரிக்க மின்சாரத்தைக் கொட்டும் ஊரில், ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் வருடத்துக்கு ஒரு லட்சத்து முப்பதாயிரம் லிட்டர் மழை விழுகிறது. 2003-இல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்த் தொட்டியின் மூடியை நீங்கள் கடைசியாக எப்போது திறந்து பார்த்தீர்கள்? ஜல்லியையும் மணலையும் வருடம் ஒருமுறை, ஆவணி முடிவதற்குள், எடுத்துக் கழுவிப் போடாவிட்டால் அது வெறும் சிமென்ட் உறைதான்.

நிறைந்ததும் மறந்துவிடுவது

எங்கள் கண்மாய் போன ஐப்பசியில் நிறைந்தது. பிள்ளைகள் குளித்தார்கள், ஊரே கரையில் நின்றது. அடுத்த மாதமே புதுச் சண்டை ஆரம்பித்தது. முதல் மடைக்காரர்கள் இரவில் திறந்துவிட, கடைமடையில் நாற்று காய்ந்தது. கரையோரத்தில் மூன்று புது ஆழ்துளைக் கிணறுகள் இறங்கின. 1990-லிருந்து விவசாய மின்சாரம் இலவசம் என்பதால் மோட்டாரை நிறுத்த யாருக்கும் மனம் வருவதில்லை.

தண்ணீரைப் பங்கிட ஆள் வேண்டும். உத்திரமேரூர்க் கல்வெட்டில், குடவோலை போட்டு ஓராண்டுக்குத் தேர்ந்தெடுக்கும் ஏரி வாரியம் பத்தாம் நூற்றாண்டிலேயே வருகிறது. நம் தாத்தா காலம் வரை நீர்க்கட்டி என்றும் மடைக்காரர் என்றும் ஒருவர் இருந்தார். அறுவடையில் அவருக்கு நெல் அளந்தார்கள். அந்த வேலை போனதும் கண்மாய் யாருடைய பொறுப்பிலும் இல்லாமல் போனது. நாங்கள் இப்போது ஆயக்கட்டுக்காரர்கள் ஏக்கருக்கு இவ்வளவு என்று போட்டு, ஒருவருக்கு மாதச் சம்பளம் கொடுக்கிறோம். மடைச் சாவி அவரிடம்தான் இருக்கிறது. எந்த நாள் எந்த மடை என்று கோயில் சுவரில் எழுதிவைத்திருக்கிறோம். சண்டை முழுவதும் தீரவில்லை. ஆனால் கடைமடைக்காரர்கள் இந்த முறை கதிர் அறுத்தார்கள்.

பொக்லைனுக்குச் சித்திரை, வைகாசிதான் சரியான மாதங்கள். புரட்டாசியில் தொடங்கினால் அள்ளிய மண் மழையில் கரைந்து திரும்ப உள்ளேயே போகும். வேலை முடிந்த பிறகு, முதல் பெருமழை பெய்யும் நாளில் குடையை எடுத்துக்கொண்டு வரத்துக்கால் ஓரமாக நடந்து போங்கள். தண்ணீர் எங்கே தயங்கி நிற்கிறதோ அங்கே ஒரு குச்சியை ஊன்றி, போனில் படம் எடுத்து வையுங்கள். அடுத்த கோடையில் அந்த இடத்திலிருந்து தொடங்கலாம்.