ஆச்சியிடம் முதலில் ஆதார் கேட்காதீர்கள்

வீடற்றோர் விடுதியில் கேஸ் ஒர்க்கராக, அதாவது ஒவ்வொருவர் காரியத்தையும் தனித்தனியாக எடுத்துச் செய்பவராக, சேர்ந்ததும் கையில் இரண்டு தாள் கொடுப்பார்கள். ஒன்று தங்கியிருப்பவர்களின் பெயர்ப் பட்டியல். இன்னொன்று மாத டார்கெட்: புதிதாக எத்தனை பேர், எத்தனை ஆதார், எத்தனை உதவித்தொகை, எத்தனை பேரைக் குடும்பத்தோடு சேர்த்து வைத்தீர்கள்.

இரண்டாவது தாளைத் திட்டிக்கொண்டே காலத்தை ஓட்டுகிற ஆட்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. ஒரு லட்சம் மக்கள்தொகைக்குக் குறைந்தது நூறு பேர் தங்க விடுதி, ஆளுக்கு 50 சதுர அடி இடம் என்பது மத்திய அரசின் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் வைத்த அளவு. இடம் காலியாகக் கிடந்தால் அடுத்த வருடம் நிதி கேட்கப் போகும்போது நமக்கு வாய் எழும்பாது. டார்கெட் இருக்கட்டும். அதை எந்த ஆளை வைத்து, எப்போது நிரப்புகிறோம் என்பதில்தான் வேலையே இருக்கிறது.

ராத்திரி ரவுண்ட்ஸில் எங்கள் திருநெல்வேலியின் ஜங்ஷன் ரயில் நிலையம், புது பஸ் ஸ்டாண்ட், டவுன் ரதவீதி, குறுக்குத்துறை படித்துறை என்று போவோம். பேரேட்டை வண்டியிலேயே வைத்துவிட்டு இறங்குங்கள். ரதவீதியில் கடை வாசலில் படுத்திருக்கும் ஆச்சியிடம் பேர், வயசு, ஆதார் என்று ஆரம்பித்தால் முக்காட்டை இழுத்து மூடிக்கொள்வார். நான் கேட்பது, “ஆச்சி, மழை வந்தா எங்கன ஒதுங்குவிய?” அதற்குப் பதில் கட்டாயம் வரும். கடைக்காரர் விடுவாரா, கொசு எப்படி என்று பேச்சு நீளும். கடைசியில்தான் நிஜக் காரணம் வெளியே வரும்: “அங்கன வந்தா மூட்டையப் பிடுங்கி எறிஞ்சிருவிய.” இதற்குக் கருணைப் பேச்சு உதவாது. ஒரு தகரப் பெட்டியும் பூட்டும் போதும். சாவி அவர் கையிலேயே இருக்கும் என்று சொல்லுங்கள், சொன்னபடி கொடுங்கள்.

சித்திரை வெயிலில் திறந்த வெளியை விட்டு யாரும் உள்ளே வரமாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகையில் தானாகவே வருவார்கள். 2023 டிசம்பரில் தாமிரபரணி ஜங்ஷன் பக்கம் ஏறி வந்ததை மறந்துவிடாதீர்கள். படித்துறையில் படுப்பவர்களிடம் ஐப்பசி பிறந்ததுமே பேசி வையுங்கள். பன்னிரண்டு மாதத்துக்கும் ஒரே டார்கெட் போட்டிருந்தால், மழை மாதத்தில் கூட்டியும் வெயிலில் குறைத்தும் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தையாகக் கேட்டது கணக்கில் வராது.

காகித வேலைதான் இழுக்கும். அதனால் சம்மதித்தவர்களுக்கு மாத முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுங்கள். முகவரி இல்லாதவருக்கு, அங்கீகாரம் பெற்ற விடுதியின் பொறுப்பாளர் குறிப்பிட்ட படிவத்தில் தரும் சான்றிதழை வைத்து ஆதாருக்குப் பதியலாம். பதிந்தது நிராகரிக்கப்பட்டு வந்தால் சோர்ந்து போகாதீர்கள். பெரும்பாலும் பழைய ஆதார் ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். அதைத் தேடி எடுத்தால் ஊரும் தெருவும் சேர்ந்தே கிடைக்கும்.

வயதான பெண்களிடம் நம் ஊரில் கேட்க வேண்டிய கேள்வி இன்னொன்று: “பீடி சுத்தியிருக்கியளா?” மேலப்பாளையம், முக்கூடல் பக்கம் என்றால் பாதி வாழ்க்கையே பீடித்தட்டோடு போயிருக்கும். பத்து வருடம் பி.எஃப். பிடித்திருந்தால் 58 வயதுக்கு மேல் ஓய்வூதியத்துக்கு வழி உண்டு; 2014 முதல் குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய். எந்தக் கம்பெனி, எந்தக் கடை, கணக்குப்பிள்ளை யார் என்று கேட்டால் நினைவு வந்துவிடும். பீடி சுத்தி விரல் ரேகை தேய்ந்திருந்தால் ரேகைக்குப் பதில் கண் கருவிழியைப் பதியச் சொல்லுங்கள். பீடிக் கணக்கு எதுவும் தேறவில்லை என்றால் முதியோர் உதவித்தொகைக்கு இ-சேவையில் போடுங்கள். அது 2023 முதல் 1,200 ரூபாய்.

குடும்பத்தோடு சேர்த்துவைப்பதில்தான் கள்ளக்கணக்கு நுழையும். பஸ் ஏற்றிவிட்ட அன்றே ‘இணைத்தாச்சு’ என்று எழுதுவார்கள். அடுத்த வாரம் அதே ஆச்சி திரும்பி வருவார், ‘புதிய சேர்க்கை’ என்று ஏறும். ஒரு மனுஷியின் அலைச்சலில் இரண்டு டார்கெட் முடிந்தது! இதில் நான் கையெழுத்துப் போடுவதில்லை. மகன் “கூட்டிட்டு வாங்க” என்று சொன்னால் போதாது. மருமகளிடமும் பேசுங்கள், சோறு போடப் போவது பெரும்பாலும் அவர்தான். போய்ச் சேர்ந்த பிறகு ஆச்சியிடமே போனில் பேசுங்கள், முடிந்தால் பக்கத்து வீட்டாரிடமும். ஒரு மாதம் அங்கே நிலைத்திருந்தால்தான் என் பேரேட்டில் அது ‘முடிந்தது’. போக மனமில்லாதவரை அனுப்பவே வேண்டாம்.

மனநலம் பாதித்து அலைபவரை எண்ணிக்கைக்காக இழுத்து வராதீர்கள். 2017 மனநலச் சட்டப்படி அவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் பொறுப்பு போலீசுக்கு இருக்கிறது. ஸ்டேஷனுக்குச் சொல்லிவிட்டு ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி வரை கூடப் போங்கள்.

மாதக் கூட்டத்தில் ‘முடியவில்லை’ என்று சொன்னால் திட்டுத்தான் கிடைக்கும். அதிகாரிக்கு எண் வேண்டும், எண்ணாகவே கொடுங்கள்: எத்தனை மனு போட்டது, எந்த மேசையில் எத்தனை நிற்கிறது, எத்தனை பேரிடம் பேச்சு நடக்கிறது. ஒவ்வொன்றுக்கும் விண்ணப்ப எண், தேதி இருக்கட்டும். தாலுகா ஆபீசில் ஏதாவது நகரவில்லை என்றால் திங்கள்கிழமை கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்து, ரசீதை அந்தப் பேரேட்டிலேயே ஒட்டிவிடுங்கள்.