சுவரில் தேர்தல் சின்னம் எழுதுவது எப்படி

சுவரெழுத்தில் வண்ணத்தைவிடக் கோடுதான் முக்கியம். வாக்குப்பதிவு இயந்திரத்தில் ஒட்டியிருக்கும் தாளில் சின்னம் கறுப்புக் கோட்டுப் படமாகச் சிறிதாகத்தான் இருக்கும். உங்கள் சுவரில் பச்சையும் சிவப்புமாகப் பளபளக்கும் படம் அங்கே வராது. சுவரைப் பார்த்துப் பழகிய கண், சாவடிக்குள் அந்தக் கறுப்புப் படத்தைச் சட்டென்று அடையாளம் காண வேண்டும். சுவரெழுத்தின் வேலையே அதுதான். ஆகவே தூண், வளைவு, மின்னல், பூங்கொத்து என்று சின்னத்தைச் சுற்றி அலங்காரம் சேர்ப்பதை நான் முழுக்க எதிர்க்கிறேன்.

சின்னங்களை வரைந்தவர்களுக்கு இது தெரிந்திருந்தது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவாக இருந்த நாட்டில், 1951-52 முதல் பொதுத்தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி வைத்து, அதன்மேல் சின்னத்தை ஒட்டினார்கள். தேர்தல் ஆணையத்தில் வரைஞராக இருந்து 1992இல் ஓய்வுபெற்ற எம்.எஸ். சேத்தி பென்சிலால் வரைந்த சின்னங்களைப் பாருங்கள்: வீட்டில் புழங்கும் பொருள்கள், ஒற்றைக் கோடு, நிழல் மிகக் குறைவு. எந்த அளவுக்குச் சுருக்கினாலும் உருவம் கெடாது. சுவரில் எழுதுகிறவருக்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது.

எழுதுவதற்கு முன்

தூரிகையை எடுக்கும் முன் சுவர்க்காரரிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள். வாய்ச்சொல் போதாது. தேர்தல் நடத்தை விதிகளின்படி உரிமையாளர் அனுமதியில்லாமல் தனியார் சுவரில் எழுதக் கூடாது. தமிழ்நாட்டில் 1959ஆம் ஆண்டின் திறந்தவெளி இடங்கள் உருக்குலைத்தல் தடுப்புச் சட்டமும் இருக்கிறது. நகர்ப்புறத்தில் உரிமையாளர் சம்மதித்தாலும் அனுமதி மறுக்கப்படலாம் என்பதால், உங்கள் பகுதி நிலவரத்தைத் தேர்தல் நடத்தும் அலுவலர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். தேர்தல் அறிவிப்பு வந்ததும் அரசுக் கட்டடச் சுவர்களில் உள்ளவற்றை 24 மணி நேரத்திலும், பாலம், பேருந்து நிறுத்தம் போன்ற பொது இடங்களில் உள்ளவற்றை 48 மணி நேரத்திலும், அனுமதியில்லாத தனியார் சுவரெழுத்துகளை 72 மணி நேரத்திலும் அழிப்பது ஆணையத்தின் நடைமுறை. கோயில், பள்ளிவாசல், தேவாலயம், பள்ளிக்கூடம் பக்கமே போகாதீர்கள். இன்னொரு கட்சி எழுதிய சுவரில் ஒரு மூலை காலியாக இருந்தாலும் தொடாதீர்கள். சண்டை அங்கேதான் ஆரம்பிக்கும்.

செலவுக் கணக்கும் முக்கியம். சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டு வேட்பாளருக்கான உச்சவரம்பு 40 லட்சம் ரூபாய். சுவரெழுத்தும் அதற்குள் வரும். சுவரின் நீள அகலம், வண்ணச் செலவு, கூலி மூன்றையும் சுவர் வாரியாக அன்றன்றே எழுதி, எழுதி முடித்த சுவரைப் படம் எடுத்து வைத்தால் முகவருக்குப் பிற்பாடு தலைவலி இருக்காது.

சுயேச்சை வேட்பாளர் என்றால் இன்னொரு சிக்கல் உண்டு. வேட்புமனுவைத் திரும்பப் பெறும் கடைசி நாள் முடிந்த பிறகுதான் சின்னம் கையில் கிடைக்கும். அதற்கும் வாக்குப்பதிவுக்கும் இடையே சட்டப்படி இருக்க வேண்டிய குறைந்தபட்ச இடைவெளி இரண்டு வாரம். அதனால் முன்கூட்டியே வெள்ளையடித்து, பெயரையும் தொகுதியையும் எழுதி, சின்னத்துக்கான சதுரத்தையும் சின்னத்தின் பெயர் வர வேண்டிய வரியையும் காலியாக விட்டு வையுங்கள்.

வெள்ளையடிப்பு

20 அடி நீளம், 6 அடி உயரமுள்ள சுவரை எடுத்துக்கொள்வோம். இரண்டு கோட்டுக்கு, அதாவது இரண்டு பூச்சுக்கு, 2 கிலோ கல் சுண்ணாம்பு, 10 லிட்டர் தண்ணீர், 100 கிராம் ஃபெவிகால் போதும். இரும்பு டிரம்மில் தண்ணீரை ஊற்றி, அதில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். சுண்ணாம்பின் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பிளாஸ்டிக் வாளி சூட்டில் இளகிவிடும். ஒரு நாள் ஊறவிட்டு, பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். கடையில் கிடைக்கும் அவுரி நீலம் ஒரு சிட்டிகை சேர்த்தால் வெள்ளை எடுப்பாக இருக்கும்.

சுவரில் உதிரும் பழைய சுண்ணாம்பைத் தகட்டால் சுரண்டி, தூசியைத் துடைப்பத்தால் தட்டி, தண்ணீர் தெளித்த பிறகுதான் வெள்ளையடிக்கும் மட்டையை வைக்க வேண்டும். காய்ந்து கொதிக்கும் சுவர் சுண்ணாம்பிலுள்ள நீரை உடனே உறிஞ்சிவிடும். பிறகு அது பொடியாக உதிரும். மேற்குப் பார்த்த சுவருக்குக் காலையிலும், கிழக்குப் பார்த்த சுவருக்கு மாலையிலும் அடியுங்கள்.

புதியவர்கள் பதறும் இடம் ஒன்று: முதல் கோட்டு ஈரமாக இருக்கும்போது பழைய எழுத்து அப்படியே தெரியும். உடனே அடுத்த கோட்டை அடித்துவிடாதீர்கள். சுண்ணாம்பு காயக் காயத்தான் மறைக்கும். காய்ந்த பிறகும் தெரிந்தால் மட்டும் இரண்டாவது கோட்டு. பழைய எழுத்து எனாமலில் இருந்தால் சுண்ணாம்பு அதில் ஒட்டாது. அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, சிமென்ட் பிரைமர் அடித்த பிறகுதான் வெள்ளை.

வண்ணம்

சுண்ணாம்பின் காரம் சில வண்ணங்களைக் கெடுத்துவிடும். பிரஷ்யன் நீலம் பழுப்பாகும். குரோம் மஞ்சள் ஆரஞ்சுப் பக்கம் போய்விடும். அல்ட்ராமரீன் நீலம், சிவப்பு ஆக்சைடு, மஞ்சள் ஆக்சைடு, கறுப்புப் பொடி ஆகியவை தாங்கும். வெள்ளை காய்ந்து ஒரு நாளாவது கழித்து எழுதுங்கள்.

கறுப்புப் பொடி தண்ணீரில் கலக்காமல் மேலே மிதக்கும். 200 கிராம் பொடியில் முதலில் 75 கிராம் ஃபெவிகாலும் ஒரு கரண்டி சோப்புத் தண்ணீரும் விட்டுக் களிம்பாகக் குழைத்து, பிறகு கால் லிட்டர் வரை தண்ணீரைச் சிறுகச் சிறுகச் சேருங்கள். தூரிகையை முக்கித் தூக்கினால் இரண்டு மூன்று சொட்டு விழுந்து நின்றுவிட வேண்டும். தொடர்ந்து ஒழுகினால் சுவரிலும் ஒழுகும். காய்ந்த எழுத்தை விரலால் தேய்க்கும்போது வண்ணம் ஒட்டிக்கொண்டால் பசை குறைவு. ஓரம் சுருண்டு ஏடாக உரிந்தால் பசை அதிகம்.

வெள்ளையில் மஞ்சள் எழுத்து பத்தடி தாண்டித் தெரியாது. நீலத்தின் மேல் சிவப்பு கண்ணைக் கூசும். மஞ்சள் பின்புலத்தில் கறுப்பு, வெள்ளையில் அடர்நீலம், வெள்ளையில் சிவப்பு மூன்றும் நிற்கும். கட்சிக் கொடியின் வண்ணங்களைக் கட்டாயம் காட்ட வேண்டுமென்றால் சுவரின் மேல் விளிம்பில் 3 அங்குலப் பட்டையாக இழுத்துவிடுங்கள், எழுத்துக்குள் கொண்டுவராதீர்கள்.

அளவு போடுதல்

தரையிலிருந்து 9 அங்குலம் வரை எதுவும் எழுத வேண்டாம். மழையில் சேறு தெறிக்கும், உப்புப் பூக்கும், யாராவது வண்டியை நிறுத்தி மறைப்பார்கள். மிச்சம் 63 அங்குல உயரம்.

இடப்பக்கம் அரை அடி விட்டு, நாலரை அடிச் சதுரம் சின்னத்துக்கு. அதையடுத்து முக்கால் அடி இடைவெளி. வலது ஓரத்தில் முக்கால் அடி விட்டால், எழுத்துக்குக் கிடைப்பது பதின்மூன்றரை அடி, அதாவது 162 அங்குலம்.

தமிழ் வரியை மூன்று அடுக்காகப் பிரிக்க வேண்டும். மேலே புள்ளிக்கும் இகர விலங்குக்கும் (‘தி’யின் மேல்வளைவு) 2 பங்கு, நடு உடலுக்கு 6 பங்கு, கீழே உகரச் சுழிக்கும் ழ, ர போன்றவற்றின் வாலுக்கும் 2 பங்கு. இதை விட்டுவிட்டு நேராக எழுதுகிறவர்களின் சுவரில்தான் மேல்வரியின் வால் கீழ்வரியின் புள்ளியைக் குத்தும்.

வேட்பாளர் பெயர் முதல் வரி: உடல் 9 அங்குலம், மேலும் கீழும் 3, ஆக 15. சின்னத்தின் பெயர் இரண்டாம் வரி: உடல் 12, மேலும் கீழும் 4, ஆக 20. ‘வாக்களிப்பீர்’ என்ற மூன்றாம் வரி: உடல் 6, மேலும் கீழும் 2, ஆக 10. வரிகளுக்கு நடுவே மும்மூன்று, மேல் கீழ் ஓரங்களில் ஆறாறு. கூட்டிப் பாருங்கள், 63 சரியாக வரும். ஓர் அங்குல உயரத்துக்குப் பத்தடி தூரம் என்பது வசதியாகப் படிக்கும் கணக்கு. பேருந்தில் போகிறவருக்கு இரண்டாம் வரி 120 அடியிலேயே புரிந்துவிடும். மூன்றாம் வரி நடந்து போகிறவருக்கு.

கோட்டின் தடிமன் உடல் உயரத்தில் ஆறில் ஒன்று. 12 அங்குல எழுத்துக்கு 2 அங்குலத் தட்டைத் தூரிகை, 9க்கு ஒன்றரை, 6க்கு ஒன்று. ஒரே இழுப்பில் தடிமன் கிடைத்துவிடும். இரண்டு முறை இழுத்து நிரப்பிய எழுத்தில் ஓரம் நடுங்கியிருக்கும்.

எழுத்துகளை எண்ணி இடம் பிரிக்காதீர்கள், அகலத்தைக் கணக்கிடுங்கள். த, ய, ல, ம ஒரு பங்கு. ர முக்கால். இ, தி ஒன்றேகால். ஐகாரக் கொம்பு ஒரு பங்கு. சொல் இடைவெளி முக்கால். ‘தையல் இயந்திரம்’ என்பதற்கு: தை 2, ய 1, ல் 1, இடைவெளி முக்கால், இ ஒன்றேகால், ய 1, ந் 1, தி ஒன்றேகால், ர முக்கால், ம் 1. மொத்தம் 11. 162ஐ 11ஆல் வகுத்தால் பங்குக்கு ஏறக்குறைய பதினாலே முக்கால் அங்குலம்: எழுத்து 12, மிச்சம் சந்து. கரியால் லேசாகக் குறித்துவிட்டு எழுதினால் கடைசி எழுத்தை நெருக்கித் திணிக்க வேண்டி வராது.

கோடுகளுக்கு நீலப் பொடி தடவிய நூலை இரண்டு பேர் பிடித்து இழுத்துச் சுண்டுங்கள். தரையை நம்பாதீர்கள், தெரு சரிந்திருக்கும். நீர்மட்டக் குழாய் பிடித்து முதல் கோட்டைப் போடுங்கள்.

சின்னம்

ஆணையம் கொடுத்த படத்தை 9 செ.மீ. சதுரமாக அச்செடுத்து, ஒரு செ.மீ. கட்டங்கள் போடுங்கள். சுவரில் அதே 81 கட்டம், ஒவ்வொன்றும் 6 அங்குலம். டேப்பின் நுனியை எடுக்காமல் 6, 12, 18 என்று குறியுங்கள். கட்டத்துக்குக் கட்டம் அளந்தால் பிழை சேர்ந்துகொண்டே போகும். இரண்டு மூலைவிட்டங்களும் 76⅜ அங்குலம் வந்தால் சதுரம் சரி.

தையல் இயந்திரத்தில் வளைந்த கையும் சக்கரமும்தான் அடையாளம். அந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள வெற்றிடத்தைக் கவனமாக வரையுங்கள். அது சுருங்கினால் தூரத்திலிருந்து பார்க்கும்போது ஏதோ கட்டையாகத் தெரியும். ஊசியும் நூலும் அச்சில் மெல்லிய கோடுகள். சுவரிலும் அப்படியே விட்டால் மறைந்துவிடும், ஓர் அங்குலத் தடிமனாவது கொடுங்கள். இடவலம் மாற்றாதீர்கள், பாகம் எதையும் சேர்க்காதீர்கள். வண்ணம் நிரப்புவதானால் முதலில் நிரப்பி, காய்ந்த பிறகு வெளிக்கோட்டைக் கறுப்பில் இழுங்கள்.

பாதி முடித்ததும் தெருவின் மறுபக்கம் போய்ச் செல்பேசியில் படம் எடுத்து, திரையில் கட்டைவிரல் நக அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். வேலைக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் காட்டி என்னவென்று கேளுங்கள். அவர் தயங்கினால் கோடு இன்னும் தடிக்க வேண்டும்.

பத்துச் சுவருக்கு மேல் இருந்தால் பழுப்புத்தாளில் சின்னத்தை முழு அளவில் வரைந்து, கோட்டின்மேல் ஊசியால் அரை அங்குலத்துக்கு ஒரு துளை குத்துங்கள். தாளைச் சுவரில் ஒட்டி, கரித்தூள் கட்டிய துணி மூட்டையால் ஒற்றினால் கோடு புள்ளியாக விழும்.

எழுத்துக்கு நிழல் கொடுப்பது எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் ண, ஞ, ழ போன்ற சுழி எழுத்துகளில் நிழல் உள்வெளியை அடைத்துவிடும். கோட்டின் தடிமனில் பாதிக்கு மேல் நிழல் வேண்டாம்; 6 அங்குல வரிக்கு நிழலே வேண்டாம். ஒற்றெழுத்துகளைச் சரிபாருங்கள்: ‘சட்டமன்றத் தொகுதி’, ‘வெற்றி பெறச் செய்வீர்’. அந்தத் த், ச் இரண்டும் பெரும்பாலான சுவர்களில் காணாமல் போகின்றன. எழுத வேண்டியதைத் தாளில் எழுதி, இன்னொருவரைப் படிக்கச் சொல்லிய பிறகு சுவருக்குப் போங்கள்.

தேர்தல் முடிந்ததும் அழித்துத் தருவதாக உரிமையாளருக்குச் சொல்லியிருப்பீர்கள். அதற்காகவே எனாமல் பக்கம் போகாமல் பொடி வண்ணத்தில் எழுதுங்கள். கம்பி பிரஷால் தேய்த்துத் தண்ணீர் அடித்து, இரண்டு கோட்டுச் சுண்ணாம்பு போட்டால் முடிந்தது. நிழலுக்குப் போட்ட கறுப்பு மட்டும் லேசாகத் தெரிந்தால் அந்த இடத்துக்கு மூன்றாவது கோட்டு.