காரில் மாட்டிய புது ஸ்க்ரீன் சண்டித்தனம் செய்கிறதா? மூன்று ஒயர்களில் தொடங்குங்கள்

ஆண்ட்ராய்டு ஸ்க்ரீனை மாட்டியாயிற்று. சாவியைத் திருப்பினால் இருட்டு. அல்லது நன்றாகவே ஓடுகிறது, ஆனால் ஒவ்வொரு முறை காரை அணைத்து எடுக்கும்போதும் சேமித்து வைத்த எஃப்எம் நிலையங்கள் எல்லாம் அழிந்துபோகின்றன. உடனே ஸ்க்ரீனைத் திருப்பி அனுப்பக் கிளம்பாதீர்கள். தப்பு பெரும்பாலும் அதன் முதுகுக்குப் பின்னால் இருக்கும் ஒயர்களில்தான்.

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், இரண்டு பக்கமும் ஒயர் இணைத்த 12 வோல்ட் கார் பல்பு ஒன்று, இன்சுலேஷன் டேப், உதிரி ஃப்யூஸ்கள். இவ்வளவு போதும். மீட்டர் இருக்கும்போது பல்பு எதற்கு என்று அப்புறம் சொல்கிறேன்.

ஒயரை வெட்டும்போதும் இணைக்கும்போதும் பேட்டரியின் நெகட்டிவ் முனை கழன்றிருக்க வேண்டும். அளக்கும்போது மட்டும் மாட்டிக்கொள்ளுங்கள். டாஷ்போர்டுக்குள் மஞ்சள் நிறக் கனெக்டர்கள் தெரிந்தால் கை வைக்காதீர்கள். அவை பெரும்பாலும் ஏர்பேக்குக்கு உரியவை. ஸ்க்ரீனின் மஞ்சள் ஒயர் வேறு, இந்த மஞ்சள் வேறு.

படி 1: ஃப்யூஸ்

இரண்டு இடத்தில் பாருங்கள்: காரின் ஃப்யூஸ் பெட்டி, ஸ்க்ரீனின் மஞ்சள் ஒயரிலோ பின்புறத்திலோ இருக்கும் சின்ன ஃப்யூஸ். எரிந்திருந்தால் அதே ஆம்பியர் போடுங்கள். மறுபடியும் எரிந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. 10 ஆம்பியர் இடத்தில் 20 போட்டுச் சமாளித்தால், அடுத்த முறை உருகுவது ஃப்யூஸ் அல்ல, ஒயர்.

படி 2: மஞ்சளும் சிவப்பும்

ஸ்க்ரீனோடு வரும் ஒயர்களில் பொதுவாக மஞ்சள் எப்போதும் மின்சாரம் இருக்க வேண்டிய பேட்டரி லைன். சிவப்பு, சாவி திருப்பினால் மட்டும் உயிர் பெறும் ஏசிசி லைன். கறுப்பு எர்த், அதாவது காரின் உலோக பாடியோடு சேர வேண்டியது. காரின் பக்கத்து ஒயர்களுக்கு இந்த நிறக் கணக்கு செல்லாது, ஆகவே நிறத்தை நம்பாமல் அளந்து பாருங்கள்.

மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை பெயின்ட் இல்லாத உலோக போல்ட்டில் தொடுங்கள். சாவி அணைந்திருக்கும்போது மஞ்சள் இணையும் லைனில் 12.6 வோல்ட் அளவில் வர வேண்டும், சிவப்பு இணையும் லைனில் பூஜ்யம். சாவியை ஏசிசியில், அதாவது எஞ்சின் ஓடாமல் ரேடியோ மட்டும் ஓடும் நிலையில், வைத்தால் இரண்டிலும் வரும். எஞ்சின் ஓடும்போது பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.5 வரை.

இரண்டும் இடம் மாறியிருந்தால் ஸ்க்ரீனுக்கு மறதி வந்துவிடும். நிலையங்கள் அழிவது அதனால்தான். சில கார்களின் ஸ்டீரியோ கனெக்டரிலேயே இவை மாறித்தான் இருக்கும். இரண்டையும் பேட்டரி லைனில் சேர்த்து முறுக்கிவிட்டால் ஸ்க்ரீன் அணையவே அணையாது. நானும் முதல் தடவை அப்படித்தான் செய்தேன். ஓடுகிறதே என்று நிம்மதியாகத் தூங்கினேன். இரண்டாம் நாள் காலை கார் எழுந்திருக்கவில்லை.

எந்த லைனுமே சாவிக்குப் பதில் சொல்லவில்லையா? சில புதிய கார்களில் ஏசிசிக்கென்று தனி ஒயரே ஸ்டீரியோவுக்கு வராது; தகவல் கேன் பஸ் வழியாக, அதாவது காரின் கணினிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஒயர்கள் வழியாக வரும். அதைப் படித்து ஸ்க்ரீனுக்குச் சொல்ல, அந்தக் காருக்குரிய கேன் பாக்ஸ் வேண்டும்.

படி 3: எர்த், அதாவது பல்பின் வேலை

மீட்டர் 12 வோல்ட் காட்டுகிறது, ஆனாலும் சத்தத்தைக் கூட்டினால் ஸ்க்ரீன் அணைந்து அணைந்து வருகிறது. புதியவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். மீட்டர் மின்னோட்டத்தை ஏறக்குறைய இழுப்பதே இல்லை. ஒரே ஒரு செம்பு இழையில் தொங்கும் ஒயர்கூட அதனிடம் 12 என்று சொல்லிவிடும். ஸ்க்ரீன் இழுப்பதோ பல ஆம்பியர். எனவே மஞ்சளும் கறுப்பும் இணையும் காரின் லைன்களுக்கு நடுவே பல்பை இணையுங்கள். பளிச்சென்று எரிந்தால் சரி. மங்கினால் எங்கோ பிடிப்பு இல்லை.

எர்த்தை மட்டும் தனியாகச் சோதிக்க, ஸ்க்ரீனை ஓடவிட்டு அதன் கறுப்பு ஒயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே அளந்து பாருங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட் வந்தால் எர்த் போல்ட்டின் பெயின்ட்டைச் சுரண்டி மறுபடி முடுக்குங்கள்.

ஸ்டார்ட் செய்யும் நொடியில் மட்டும் அணைந்து வந்தால் கவலைப்படாதீர்கள். பல கார்கள் அந்த நேரம் ஏசிசியைத் துண்டிக்கும். ஆனால் அப்போது பேட்டரி முனைகளிலேயே 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், பார்க்க வேண்டியது பேட்டரியை.

படி 4: சத்தம், ஆன்டெனா, கேமரா

ஆக்சிலரேட்டரோடு ஏறி இறங்கும் 'ஙொய்ங்' சத்தம் பெரும்பாலும் எர்த் கோளாறு. ஆம்ப்ளிஃபையரையும் ஸ்க்ரீனையும் ஒரே இடத்தில் எர்த் செய்து, ஆடியோ கேபிளை பவர் ஒயரிலிருந்து தள்ளிக் கொண்டுபோங்கள். ஸ்பீக்கரின் மைனஸ் ஒயரை மட்டும் எக்காரணம் கொண்டும் பாடியில் இணைக்காதீர்கள், உள்ளிருக்கும் ஆம்ப்ளிஃபையர் எரிந்துபோகலாம். எஃப்எம் கரகரத்தால் நீல ஒயரைப் பாருங்கள். பல கார்களில் ஆன்டெனா பூஸ்டருக்கு மின்சாரம் தருவது அதுதான்.

ரிவர்ஸ் போட்டால் கேமராப் படம் வரவில்லை என்றால், ரிவர்ஸ் போட்டதை ஸ்க்ரீனுக்குச் சொல்லும் ட்ரிகர் ஒயர் ரிவர்ஸ் லைட்டின் பாசிட்டிவோடு இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். படம் துடித்தால், அந்தக் கார் பல்புக்கு விட்டுவிட்டு மின்சாரம் கொடுக்கும் வகையாக இருக்கலாம். கேமராவுக்கென விற்கும் பவர் ஃபில்டர் ஒன்றை இடையில் போட்டால் நின்றுவிடும்.

ஸ்க்ரீனைச் சட்டத்துக்குள் தள்ளுவதற்கு முன்பே இத்தனையும் சோதித்துவிடுங்கள். தள்ளிய பிறகு ஃப்யூஸ் போனால், பெரும்பாலும் உலோக விளிம்பில் ஒரு ஒயர் நசுங்கியிருக்கும். வெளியே இழுத்து அந்த விளிம்பில்தான் முதலில் தேட வேண்டும்.