கோல்ஃப் கிளப்: எதை முதலில் எடுப்பது, எப்படி அடிப்பது?

ஐந்து மாதம் செவன் அயர்ன் என்ற ஏழாம் எண் கோல்ஃப் மட்டையோடு (மட்டையைத்தான் கிளப் என்பார்கள்) மல்லுக்கட்டிய பிறகு, போன மாதம்தான் பந்து நான் நினைத்த உயரத்துக்கு எழும்பத் தொடங்கியது. சரியாகப் பட்ட பந்து கையில் அதிர்வே தராமல் கிளம்பிப் போகும். அந்த ஒரு அடிக்காக மறுநாள் விடியற்காலையில் எழுந்து ஓடத் தோன்றும். நான் தடுமாறிய இடத்தில் நீங்களும் மாதக்கணக்கில் நிற்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். வலது கைக்காரர்களை வைத்துச் சொல்கிறேன். இடது கைக்காரர்கள் பக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 1: எண்ணைப் பாருங்கள்

அயர்ன்களை, அதாவது தட்டையான உலோகத் தலை கொண்ட கிளப்களை, எண் வரிசையில் தரையில் பரப்புங்கள். எண் ஏற ஏறக் கம்பு குட்டையாகும், பந்தில் படும் முகம் இன்னும் சாய்ந்திருக்கும். இந்தச் சாய்வுதான் லாஃப்ட். லாஃப்ட் கூடினால் பந்து உயரமாக எழும்பும், தூரம் குறையும். அதிக தூரம் அடிக்கும் டிரைவருக்குச் சுமார் 10 டிகிரி, செவன் அயர்னுக்கு 30-ஐ ஒட்டி, குறைந்த தூரத்துக்கான பிட்சிங் வெட்ஜுக்கு 45-ஐ ஒட்டி, மணலுக்கான சாண்ட் வெட்ஜுக்கு 56-ஐ ஒட்டி. எல்லா நிறுவனமும் ஒரே கணக்கு வைப்பதில்லை. நண்பரின் செவன் அயர்ன் உங்களுடையதைவிட நாலு டிகிரி நிமிர்ந்திருக்கலாம். அவர் பந்து பத்து கஜம் தள்ளி விழுந்தால் மனம் தளராதீர்கள்.

படி 2: பையைக் குறையுங்கள்

பையில் பதினான்கு கிளப் வரை வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. 1938-இல் அமெரிக்காவிலும் மறுவருடம் பிரிட்டனிலும் வந்தது. பதினான்கும் வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. ஆரம்பத்தில் ஒரு ஹைப்ரிட் (அயர்னைவிடப் பருத்த தலை கொண்ட கிளப்), 7 மற்றும் 9 அயர்ன், சாண்ட் வெட்ஜ், பந்தைக் குழிக்கு உருட்டிவிடும் பட்டர், இவ்வளவு போதும். என்னைக் கேட்டால், கேவிட்டி பேக் அயர்னாக, யாராவது பயன்படுத்திய பழைய செட்டாகவே வாங்குங்கள். முதுகு குழிந்து, எடை ஓரங்களில் இருப்பதால் நடுவில் படாத அடியையும் ஓரளவு காப்பாற்றும். முதுகு குழியாத மெல்லிய பிளேடு அயர்ன் பார்க்க அழகு. புதிய கைக்கு வேண்டாம். த்ரீ அயர்ன் பக்கமும் போக வேண்டாம், அந்தத் தூரத்துக்கு ஹைப்ரிட் எளிது.

பட்டரை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். பார் 72 மைதானத்தில் (72 தடவை அடித்து ஆட்டத்தை முடிக்க வேண்டிய மைதானம்) பாதி, அதாவது 36 தடவை, பட்டருக்கு என்றுதான் கணக்கே போடுகிறார்கள்.

படி 3: செவன் அயர்ன்

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். பந்து மேலே போக வேண்டுமென்றால் கீழிருந்து தூக்கிவிட வேண்டும் என்று கை தானாக நினைக்கிறது. உடல் எடை வலது காலிலேயே தங்கிவிடுகிறது. கிளப் பந்தை அடையும் முன்பே தரையில் இடிக்கும், இல்லாவிட்டால் பந்தின் தலையில் உரசி உருட்டிவிடும். தூக்குகிற வேலையை லாஃப்ட் பார்த்துக்கொள்ளும். கிளப் இறங்கி வரும்போதே பந்தில் பட வேண்டும், அப்புறம்தான் புல்லைச் சீவ வேண்டும்.

பந்தை இரண்டு காலுக்கும் நடுவில் வையுங்கள். அதற்கு வலப்பக்கம் ஒரு சாண் தள்ளி ஒரு துண்டை மடித்துப் போடுங்கள். துண்டைத் தொடாமல் பந்தை அடிக்க வேண்டும். முதல் நாள் நாற்பது பந்தில் முப்பதுக்குத் துண்டு பறந்தது. இரண்டு வாரத்தில் அது அசையாமல் கிடந்தது. அடித்து முடித்ததும் இடது காலில் நின்று, வலது குதிகால் தூக்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

பயிற்சி இடங்களில் விரித்திருக்கும் செயற்கைப் பாயில் இந்தத் தவறு தெரியாது. முன்பே தரையில் இடித்த கிளப், பாயில் வழுக்கிப் போய்ப் பந்தைத் தட்டிவிடும். பந்தும் நன்றாகவே போகும். அதே அடியைப் புல்லில் அடித்தால் கிளப் மண்ணில் புதைந்து நிற்கும். மூன்று மாதம் நான் ஏமாந்தது இதில்தான். முடிந்தவரை புல்லில் பழகுங்கள். சீவிய தடம், பந்து இருந்த இடத்துக்கு இடப்பக்கம் விழுந்தால் சரியாக அடித்திருக்கிறீர்கள்.

படி 4: டிரைவர்

இங்கே எல்லாம் தலைகீழ். பந்து இடது குதிகாலுக்கு நேராக. டீ என்ற சிறு முளையில் வைத்த பந்தின் பாதி, கிளப் தலைக்கு மேலே தெரிய வேண்டும். கிளப் மேலேறும்போது பந்தில் பட வேண்டும். செவன் அயர்ன் கைவந்த பிறகு இதைத் தொடுங்கள்.

பின்சேர்க்கை: மணல்

பங்கர் என்ற மணல்குழியில் விழுந்த பந்து வெளியே வரவில்லை என்று பின்னூட்டத்தில் சிலர் கேட்டிருந்தார்கள். அங்கே பந்தையே அடிக்கக் கூடாது. சாண்ட் வெட்ஜின் அடியைத் தடவிப் பாருங்கள், பின்விளிம்பு முன்விளிம்பைவிடத் தாழ்ந்திருக்கும். மணலில் புதையாமல் வழுக்கிப் போவதற்காக இந்த அமைப்பு. ஜீன் சாரசன் என்ற அமெரிக்க வீரர் தன் கிளப்பின் அடியில் உலோகத்தைப் பற்றவைத்து இதை உருவாக்கி, 1932-இல் பிரிட்டிஷ் ஓப்பனையும் வென்றார். பந்துக்கு வலப்பக்கம் இரண்டு அங்குலம் தள்ளி கிளப்பை மணலில் இறக்கி, பாதியில் நிறுத்தாமல் முழுதாக வீசுங்கள். மணல்தான் பந்தைத் தூக்கிக்கொண்டு வரும். அடிக்கும் முன் பந்தை ஒட்டிய மணலில் கிளப்பை ஊன்றாதீர்கள், அபராதமாக உங்கள் கணக்கில் இரண்டு அடி (ஸ்ட்ரோக்) கூடும்.

பங்கரில் கிளப் முகத்தைத் திறந்து (வலப்பக்கம் திருப்பி) வைத்தாலும் அடிக்கும்போது மூடிக்கொள்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். பிடித்த பிறகு மணிக்கட்டைத் திருப்பினால் அப்படித்தான் ஆகும். முதலில் முகத்தைத் திருப்பி வையுங்கள், அப்புறம் கிரிப்பைப் பிடியுங்கள்.